உள்ளாட்சிப் பயிற்சியும் அதிகாரப் பகிர்வும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உள்ளாட்சி அலுவலர்களுக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் பயிற்சியளிக்கும் நிறுவனங்களும் மாநாடுகளும் இந்தியாவில் கடந்த நூறாண்டுகளில் படிப்படியாக உருவாயின. உள்ளாட்சியின் குறைபாடுகளுக்கு அறியாமையே காரணம் என்னும் கருத்து இம்முயற்சிகளின் அடித்தளமாக இருந்துள்ளது. இக்கருத்து எங்ஙனம் தோன்றியது, யாரைக் கற்பவராகக் கொண்டது, தமிழ்நாட்டு நடைமுறையில் எவ்விடத்தில் தடைப்பட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. நிதி, பதவித் தொடர்ச்சி, பாதுகாப்பு ஆகிய மூன்றும் உடனிருந்தால் மட்டுமே பயிற்சி பயன் தரும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: உள்ளாட்சி, பயிற்சி, ஊராட்சி, அதிகாரப் பகிர்வு, தனி அலுவலர்.

முன்னுரை

1882ஆம் ஆண்டு மே 18 அன்று ரிப்பன் பிரபுவின் அரசு வெளியிட்ட தீர்மானம் இந்திய உள்ளாட்சி வரலாற்றின் தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. உள்ளாட்சி அமைப்புகளால் நிருவாகம் உடனே திருந்திவிடும் என்று அத்தீர்மானம் கூறவில்லை. மக்கள் அரசியற் கல்வி பெறுவதற்குரிய கருவியாகவே அவற்றை அது முன்வைத்தது. பொறுப்பேற்று, தவறிழைத்து, திருத்திக்கொள்வதே கல்வி என்பது அதன் உட்பொருள். ஆட்சி செய்வதும் கற்பதும் அங்கு ஒரே செயலாக இருந்தன. பிற்காலத்தில் இவ்விரண்டும் பிரிந்தன. முதலில் கற்க வேண்டும், பிறகே பொறுப்பு என்னும் வரிசை உருவாயிற்று. உள்ளாட்சிப் பயிற்சியின் வரலாறு பெரும்பகுதியும் இப்பிரிவின் வரலாறே ஆகும்.

குடியேற்ற ஆட்சிக் காலம்

ரிப்பன் தீர்மானத்தின் விளைவாகச் சென்னை மாகாணத்தில் 1884ஆம் ஆண்டின் தல சுயாட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. மாவட்டக் கழகம், வட்டக் கழகம், ஊர்களின் ஒன்றியம் என மூன்றடுக்குகள் அமைந்தன. ஆயினும் மாவட்டக் கழகத்தின் தலைமை ஆட்சியரிடமே இருந்தது. உறுப்பினர்கள் கற்கும் மாணவர்களாகவும் ஆட்சியர் கற்பிக்கும் ஆசிரியராகவும் விளங்கிய நிலை அது. 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தேர்தல் முறையை விரிவாக்கின. அலுவலர் அல்லாதோர் தலைமைப் பொறுப்புக்கு வந்தனர்.

அரசியல் தலைமை மாறியபோது அலுவலகத்தை நடத்தும் பணியாளரின் தகுதி குறித்த வினா எழுந்தது. 1926இல் பம்பாயில் நிறுவப்பெற்ற அகில இந்தியத் தல சுயாட்சிக் கழகம் இவ்வினாவுக்கான தொடக்கக்கால விடைகளுள் ஒன்று. நகராட்சிப் பணியாளர்க்கும் துப்புரவு ஆய்வாளர்க்கும் பட்டயப் படிப்புகளை அது நடத்தியது. பதவி உயர்வுக்குச் சான்றிதழ் வேண்டும் என்னும் வழக்கம் இவ்வாறு வேரூன்றியது. கல்வியின் இலக்கு இங்கு வாக்காளரிடமிருந்தும் உறுப்பினரிடமிருந்தும் ஊதியம் பெறும் பணியாளரிடம் நகர்ந்ததைக் காணலாம்.

விடுதலைக்குப் பின்: அலுவலரை மையப்படுத்திய பயிற்சி

1948இல் மாகாணங்களின் தல சுயாட்சி அமைச்சர்கள் மாநாடு கூடியது. 1954இல் அரசமைப்பின் 263ஆம் உறுப்பின்படி மத்திய தல சுயாட்சி மன்றம் அமைக்கப்பட்டது. இம்மாநாடுகள் கொள்கையைப் பேசின. ஊரளவில் பணியாற்றுவோரை உருவாக்கும் பொறுப்போ 1952 அக்டோபர் 2 அன்று 55 திட்டங்களுடன் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தைச் சார்ந்தது. வட்டார வளர்ச்சி அலுவலர், விரிவாக்க அலுவலர், கிராம சேவகர், கிராம சேவிகை என்னும் புதிய பணியிடங்கள் தோன்றின. இவர்களுக்கெனப் பயிற்சி நிலையங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. 1956இல் காந்திகிராமத்தில் ஊரக நிறுவனம் தொடங்கப்பெற்றதும் இக்காலச் சூழலின் விளைவே.

பல்வந்தராய் மேத்தா குழு 1957இல் அளித்த அறிக்கை, மக்கள் பங்கேற்பின்மையே வளர்ச்சித் திட்டத்தின் குறை எனச் சுட்டி, மூன்றடுக்கு ஊராட்சி முறையைப் பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே சென்னை ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டது. காமராசர் முதலமைச்சராக இருந்த அக்காலத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் நடைமுறைக்கு வந்தன. அதே 1958இல் முசோரியில் சமுதாய வளர்ச்சி ஆய்வுக்கும் பயிற்சிக்குமான மத்திய நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்த அது, 1977இல் தேசிய ஊரக வளர்ச்சி நிறுவனம் என்னும் பெயரைப் பெற்றது. நகர்ப்புறத்தைப் பொறுத்தவரை, நகராட்சிப் பணியாளர் பயிற்சி குறித்து ஆராய 1963இல் நூருதீன் அகமது தலைமையில் குழு அமைக்கப்பட்டது. மண்டலப் பயிற்சி மையங்கள் அதன் பின்னர் உருவாயின.

தமிழ்நாட்டில் மறைமலைநகரிலுள்ள மாநில ஊரக வளர்ச்சி நிறுவனமும், பவானிசாகர், பட்டுக்கோட்டை, தே. கல்லுப்பட்டி உள்ளிட்ட ஊர்களிலுள்ள மண்டல நிறுவனங்களும், கோயம்புத்தூரிலுள்ள நகரியல் பயிற்சி நிறுவனமும் இம்மரபின் தொடர்ச்சியாகும்.

இந்நிறுவனங்கள் நிலைத்து நின்ற காலத்தில் அவை பணிபுரிய வேண்டிய உள்ளாட்சிகள் நிலைத்து நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 1970இல் நடைபெற்ற ஊராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்த தேர்தல் 1986இல்தான் நடைபெற்றது. அதன்பின் 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. பதவிக்காலம் முடிந்த அமைப்புகளைத் தனி அலுவலர்கள் நடத்தினர். அலுவலர் பயிற்சி தடையின்றித் தொடர, மக்கள் பிரதிநிதி என்னும் மாணவர் மட்டும் வகுப்பிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்.

1993க்குப் பின்: பிரதிநிதி கற்பவராதல்

73ஆம் அரசமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள், பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் மக்கள்தொகைக்கேற்ற ஒதுக்கீடு, பதினோராம் அட்டவணையில் 29 பொருள்கள் ஆகியவற்றை அது கொணர்ந்தது. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996இல் நடைபெற்ற தேர்தல் வழியாக, அதுவரை ஊராட்சி அலுவலகத்தின் படியேறாத பல்லாயிரம் பெண்களும் தலித்துகளும் பொறுப்பேற்றனர். அவர்களுக்கு அறிமுகப் பயிற்சி அளிப்பது அரசின் கடமையாயிற்று. தீர்மானப் புத்தகம், ரொக்கப் பதிவேடு, வரி கேட்புப் பதிவேடு, அளவுப் புத்தகம் ஆகியவற்றைப் பேணும் முறை கற்பிக்கப்பட்டது.

இப்பயிற்சி தேவையானதே. எனினும் அது எட்டாத தளங்கள் இருந்தன. மதுரை மாவட்டம் மேலவளவில் தனித் தொகுதியில் வெற்றிபெற்ற ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மேலும் ஐவருடன் படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்காச்சியேந்தல் ஆகிய தனி ஊராட்சிகள் முறையாகச் செயல்படுவதற்குரிய தேர்தல் 2006இல்தான் நடந்தேறியது. இவ்வூர்களில் குறைவாக இருந்தது அறிவன்று, பாதுகாப்பு. பதிவேடு எழுதக் கற்றவர் அலுவலக நாற்காலியில் அமர இயலாத நிலையைப் பாடத்திட்டம் தன் பொருளாகக் கொள்ளவில்லை. தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவருடன் துணைத்தலைவரும் கையொப்பமிட வேண்டும். தலைவர் ஒடுக்கப்பட்ட சாதியினராகவும் துணைத்தலைவர் ஆதிக்கச் சாதியினராகவும் உள்ள ஊரில் இவ்விதி எவ்வாறு செயல்படும் என்பது கணக்கியல் பாடத்தால் மட்டும் விளக்கப்படக்கூடியதன்று.

கேரளம்: ஒப்பீடு

அதே 1996இல் அண்டை மாநிலமான கேரளம் வேறு வரிசையைப் பின்பற்றியது. ஆகஸ்டு மாதம் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தது. நிதி முதலில் உறுதியாயிற்று. அதைச் செலவிடும் கட்டாயம் பயிற்சிக்கான தேவையை உண்டாக்கியது. மாநிலம், மாவட்டம், ஊர் என மூன்று நிலைகளில் பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டனர். கிராம சபைகளும் வளர்ச்சிக் கருத்தரங்குகளும் பயிற்சிக் களங்களாக மாறின. ஓய்வுபெற்ற பொறியாளர் முதலான வல்லுநர்கள் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுக்களில் இணைந்தனர். 1990இல் திருச்சூர் அருகே முளங்குன்னத்துக்காவில் தொடங்கப்பெற்ற கேரளத் தல நிருவாக நிறுவனம் இதன்பின் புதிய முக்கியத்துவம் பெற்றது. அவ்வியக்கத்திலும் கட்சிச் சார்பு குறித்தும் திட்டங்களின் தரம் குறித்தும் விமரிசனங்கள் எழுந்தன. எனினும் கற்றலைப் பொறுப்போடு பிணைத்த வகையில் அது ரிப்பன் தீர்மானத்தின் மூலக் கருத்துக்கு அண்மையில் நின்றது எனலாம்.

தொடர்ச்சியின் சிக்கல்

தமிழ்நாட்டில் பெண்களுக்கான ஒதுக்கீடு 2016ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தால் 50 விழுக்காடாக உயர்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்குப் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும், நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடைபெற்றது. 2019இல் தேர்வானோரின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தபோதும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றனர். சுழற்சி முறை ஒதுக்கீட்டால் பயிற்சி பெற்ற ஒருவர் அதே ஊராட்சியில் மீண்டும் போட்டியிட இயலாமற் போவதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் பயிற்சி முதற்பாடத்திலிருந்தே தொடங்குகிறது.

இடைவெளிகளில் நிலைத்திருப்பவர் முன்பு எழுத்தர் எனவும் இன்று செயலர் எனவும் அழைக்கப்படும் ஊராட்சிப் பணியாளரே. ஊரின் நிருவாக நினைவு அவரிடம் தங்குகிறது. 2018 ஏப்ரலில் தொடங்கிய தேசிய கிராம சுயாட்சி இயக்கம் பிரதிநிதிகளுடன் இத்தகைய பணியாளர்களின் திறன் மேம்பாட்டையும் முதன்மை நோக்கமாகக் கொண்டது. ஆனால் நினைவு முழுவதும் அலுவலர் பக்கமும் பதவி இடைவிட்டுப் பிரதிநிதி பக்கமும் இருக்கும்வரை, பயிற்சி பெருகப் பெருக அலுவலரின் மேலாண்மையே வலுப்பெறும் வாய்ப்புள்ளது.

முடிவுரை

உள்ளாட்சிப் பயிற்சியின் வரலாற்றில் கற்பவர் மாறிக்கொண்டே வந்துள்ளார். குடியேற்ற ஆட்சியில் கழக உறுப்பினர், பின்னர் நகராட்சிப் பணியாளர், விடுதலைக்குப் பின் கிராம சேவகர், 1993க்குப் பின் மக்கள் பிரதிநிதி என இவ்வரிசை அமைந்தது. மாறாதிருப்பது, குறை கற்பவரிடமே உள்ளது என்னும் கருத்து. தமிழ்நாட்டின் தேர்தல் இடைவெளிகளும் தனி ஊராட்சிகளின் பட்டறிவும் கேரளத்தின் எதிர்நிலைச் சான்றும் அக்கருத்தை மறுக்கின்றன. பயிற்சி பெற்றோரின் எண்ணிக்கையைக் கொண்டு உள்ளாட்சியின் வளர்ச்சியை அளவிடும் வழக்கம் மறுபரிசீலனைக்குரியது. பயிற்சி பெற்றவர் எத்தனை ஆண்டுகள் பதவியில் இருந்தார், எவ்வளவு நிதியைத் தம் சபையின் தீர்மானப்படி செலவிட்டார், அச்சமின்றி அலுவலகத்தில் அமர்ந்தாரா என்னும் வினாக்களே ஆய்வாளர் எழுப்ப வேண்டியவை.