டாக்டருக்கு ஒரு ஞாபகச் சீட்டு



"டாக்டர் நம் முகத்தைவிடக் கம்ப்யூட்டரைத்தான் அதிகம் பார்க்கிறார்" என்று நம்மில் பலருக்கு மனக்குறை உண்டு. அந்தக் கம்ப்யூட்டர் அங்கே வந்ததற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

1972-ல், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், கிளெமென்ட் மெக்டொனால்ட் என்ற டாக்டரும் அவரது குழுவினரும் நோயாளிகளின் மருத்துவப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றத் தொடங்கினார்கள். காகித ஃபைல் வருஷத்துக்கு வருஷம் தடித்துக்கொண்டே போகும். வேண்டிய விவரம் அதற்குள்தான் இருக்கும். நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கும் சில நிமிஷங்களில் அது கண்ணில் படாது.

மெக்டொனால்ட் ஒரு சோதனை செய்தார். கம்ப்யூட்டருக்கு 390 விதிகளைக் கொடுத்தார். ரத்த அழுத்தம் இறங்காமலே இருக்கிறதா, கொடுத்த மருந்து கல்லீரலைப் பாதிக்கிறதா என்பது போன்றவை. கவனிக்க வேண்டியது ஏதாவது இருந்தால் கம்ப்யூட்டர் டாக்டருக்கு எடுத்துச் சொல்லும். 9 டாக்டர்கள் கலந்துகொண்டார்கள். நினைவூட்டல் இல்லாதபோது, கவனிக்க வேண்டியவற்றில் 22 சதவீதத்துக்குத்தான் நடவடிக்கை எடுத்தார்கள். நினைவூட்டியபோது அது 51 சதவீதம் ஆனது. முடிவுகள் 1976-ல் வெளிவந்தன.

எனக்கு முக்கியமாகப் பட்டது இனிமேல்தான். பயிற்சியில் ஓரிரு வருஷம் மூத்த டாக்டர்களும் புதியவர்களைவிட மேலாக இல்லை. முதலில் நினைவூட்டல் பெற்றுப் பிறகு இழந்தவர்களுக்கும் பழைய பாடம் கைகொடுக்கவில்லை. ஆகவே பல தவறுகளுக்குக் காரணம் அறியாமை அல்ல, அத்தனை விவரங்களையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்க மனிதரால் முடியாததுதான் என்றார் மெக்டொனால்ட்.

அதே ஊரில் நடந்து 2001-ல் வெளிவந்த இன்னொரு ஆய்விலும் இதுவே தெரிந்தது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் தேவைப்பட்டவர்களுக்கு நிமோனியா தடுப்பூசி எழுதப்பட்டது, நினைவூட்டல் இல்லாமல் 0.8 சதவீதம்; நினைவூட்டலோடு 35.8 சதவீதம்.

கம்ப்யூட்டர் சொல்லியும் பாதிக்குப் பாதி விட்டுப்போனதை மறக்கக் கூடாது. எச்சரிக்கைகள் அளவுக்கு மீறினால் பலர் அவற்றைப் படிப்பதில்லை. முடிவெடுக்க வேண்டியவர் டாக்டர்தான்.

இதைப் படித்ததும் என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. கணக்கில் ஒரு படியை விட்டவர்களை "இதுகூடத் தெரியாதா?" என்று திட்டியிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த நிமிஷத்தில் விட்டுப்போயிருக்கும். திட்டியதற்குப் பதில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம். மன்னித்துவிடுங்கள்.

அடுத்த முறை டாக்டர் திரையைப் பார்த்தால் கொஞ்சம் பொறுத்திருங்கள். உங்களைப் பற்றி அவர் மறந்த ஒன்றை அது சொல்லிக்கொண்டிருக்கலாம்.