செங்கன்னூரை மீட்ட கடற்கரை மக்கள்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "நீ சிவில்காரன்தானே, அணை, பாலம்னு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்றார்கள். சரி, அணையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆனால் கட்டுரை போய்ச் சேரப்போவது கடற்கரைக் கோயில்களுக்கு.

சபரிமலைக்கு ரயிலில் போன நண்பர்களுக்குச் செங்கன்னூரைத் தெரிந்திருக்கும். கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில், பம்பை ஆற்றை ஒட்டிய சிறிய நகரம். நம்மாழ்வார் பாடிய திருச்செங்குன்றூர்த் திருப்பதி இருப்பதும் அங்கேதான். 2018 ஆகஸ்ட் மாதம் அந்த ஊரும் சுற்றுவட்டாரமும் தண்ணீருக்குள் போயின.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஆகஸ்ட் 15 முதல் 17 வரை மூன்றே நாளில் கேரளத்தில் பெய்த மழை 414 மில்லிமீட்டர். 1924 ஜூலையில் இதேபோல மூன்று நாளில் 443 மில்லிமீட்டர் கொட்டியது. அது கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதை இன்றும் 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' என்றுதான் சொல்வார்கள். 2018-இல் பம்பை, மணிமலை, அச்சன்கோவில், மீனச்சில் ஆகிய நான்கு ஆறுகளும் அந்த மூன்று நாளில் கொண்டுவந்த தண்ணீர் சுமார் 57 டி.எம்.சி. அவை போய்ச் சேரும் வேம்பநாட்டு ஏரி தாங்கக்கூடியதோ சுமார் 21 டி.எம்.சி.தான். மலையில் நிரம்பிவிட்ட அணைகளையும் திறக்க வேண்டியதாயிற்று. முன்கூட்டியே திறந்திருக்கலாமா என்ற வாதம் தனிக்கதை. மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் போனது.

மாடிகளிலும் கூரைகளிலும் மக்கள் ஏறி நின்றார்கள். செங்கன்னூர் சட்டமன்ற உறுப்பினர் சஜி செரியன் தொலைக்காட்சியில் கதறி அழுது, எப்படியாவது ஹெலிகாப்டர் அனுப்புங்கள் என்று மன்றாடியதைப் பலரும் பார்த்தோம். ராணுவமும் கடற்படையும் வந்து அரும்பாடுபட்டன. ஆனால் ஹெலிகாப்டரில் ஒரு நேரத்தில் சிலரைத்தான் தூக்க முடியும். காற்றடைத்த ரப்பர் படகுக்கோ வேலிக்கம்பியும் முள்மரமும் எமன்.

அப்போதுதான் லாரி லாரியாக வள்ளங்கள் வந்தன. விழிஞ்ஞம், பூந்துறை போன்ற திருவனந்தபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தும், கொல்லம் கடற்கரையிலிருந்தும் ஃபைபர் வள்ளங்களை லாரியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு மீனவர்கள் வந்தார்கள். திருவனந்தபுரத்திலிருந்து செங்கன்னூருக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். உள்நாட்டு ஊருக்குக் கடல் வள்ளம் ரோடு வழியாக வந்து சேர்ந்தது!

இதை யார் ஏற்பாடு செய்தது? அரசுத் துறைகளும் செய்தன. ஆனால் ஊருக்குள் ஆளையும் வள்ளத்தையும் திரட்டியதில் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்துக்கும் அதன் பங்குக் கோயில்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்தக் கடற்கரையில் கோயில் என்பது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் அல்ல. யார் வீட்டில் வள்ளம் இருக்கிறது, யாரிடம் நல்ல இன்ஜின் இருக்கிறது, எந்தப் பையன் துணிந்தவன் என்பதெல்லாம் பங்குத்தந்தைக்கும் கோயில் கமிட்டிக்கும் அத்துப்படி. ஒலிபெருக்கியில் ஒரு அறிவிப்பு போதும், ஊரே கூடிவிடும்.

இங்கே நம்மவர்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அந்த உயர்மறைமாவட்டத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரக் கடற்கரை ஊர்களும் சேர்ந்தவை. அப்போது பேராயராக இருந்த சூசை பாக்கியம் அவர்களே மார்த்தாண்டன்துறையில் பிறந்தவர்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். இந்த வெள்ளத்துக்கு எட்டு ஒன்பது மாதம் முன்புதான், 2017 நவம்பர் கடைசியில், ஒக்கிப் புயல் இதே கடற்கரையைச் சூறையாடியது. கடலுக்குப் போனவர்களில் நூறு பேருக்கு மேல் திரும்பவில்லை. எச்சரிக்கை நேரத்துக்கு வரவில்லை, தேடுதலும் தாமதம் என்று அந்த மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். காணாமல் போனவர்களின் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டிப் பட்டியல் போட்டதும், அவர்களுக்காகத் தெருவில் இறங்கிப் போராடியதும் கோயில்கள்தான். எங்களைத் தேட யாரும் வரவில்லையே, நாங்கள் மட்டும் ஏன் போகணும் என்று அவர்கள் கேட்டிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் அப்படிக் கேட்கவில்லை. வள்ளத்தை லாரியில் ஏற்றினார்கள்.

வேலையும் லேசானது அல்ல. கடலில் அலை இருக்கும், மதில் இருக்காது. இங்கே தண்ணீருக்கு அடியில் காம்பவுண்டுச் சுவர், கேட்டு, நின்றுபோன கார். மேலே மின்கம்பி. சந்து திரும்பும் இடத்தில் எல்லாம் நீரின் இழுப்பு மாறும். உள்ளூர் இளைஞர்கள் வள்ளத்தில் ஏறி வழி காட்ட, கடலோரத்தார் ஓட்டினார்கள். புரொப்பல்லர்கள் உடைந்தன, வள்ளங்களின் அடிப்பாகம் கிழிந்தது. பிழைப்புக்கு இருந்த ஒரே முதல் அதுதான் என்பதை மறக்கக் கூடாது.

அரசு தந்த கணக்குப்படி, கேரளம் முழுவதும் 669 வள்ளங்களில் 4,537 மீனவர்கள் இறங்கி 65,000 பேரைக் காப்பாற்றினார்கள். அவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் அல்ல. மலப்புறத்து முஸ்லிம் மீனவர்களும், ஆலப்புழையின் இந்து மீனவர்களும் அதில் உண்டு. வள்ளத்தில் ஏறியவர்களிடம் யாரும் சாதி மதம் விசாரிக்கவும் இல்லை. மாநில முதல்வர் இவர்களைக் கேரளத்தின் சொந்தப் படை என்று பாராட்டினார். வள்ளத்துக்கு ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, உயிரைக் காத்ததற்குக் காசு வேண்டாம் என்று மறுத்தவர்களும் இருந்தார்கள்.

இன்ஜினியர்களாகிய நாம் வெள்ளம் என்றால் கன அடியும் மதகும் மட்டும் பேசுவோம். அவை வேண்டியவைதான். ஆனால் செங்கன்னூரில் நான் படித்துக்கொண்ட பாடம் வேறு. ஆபத்து வந்த பிறகு அமைப்பு கட்ட முடியாது. முன்பே இருக்கும் அமைப்புதான் அன்றைக்கு உதவும். ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கணும், கூப்பிட்டால் வரணும், கூப்பிடுகிறவர் சொல்லுக்கு மதிப்பு இருக்கணும்.

நம் சங்கத்துக்கும் இந்த மூன்றும் இருக்கின்றன என்றே நம்புகிறேன். இந்த மலரின் கடைசிப் பக்கங்களில் நம் முகவரிப் பட்டியல் வழக்கம்போல வருகிறது. அதில் பேட்ச், பதவி, தொலைபேசி எண் போதாது. யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யாரிடம் லாரி, யாருக்கு நீச்சல் தெரியும், யாருடைய இரத்தம் எந்த வகை என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்பது சங்கச் செயலாளருக்கு என் பணிவான வேண்டுகோள். முதல் பெயராக என் பெயரையே எழுதிக்கொள்ளட்டும்.