குழப்படிக்காரனை வாங்கலாமா?

உன்னிச்சைக் குளக்கட்டிலிருந்து சிறிது தூரத்தில், வயல் தெருவோரமாக ஒரு தேநீர்க் கடை உண்டு. 2025 நவம்பர் நடுப்பகுதியில், பெரும்போக விதைப்பு முடிந்திருந்த நேரம், மழை சற்று விட்டிருந்த ஒரு மாலையில் அங்கே அமர்ந்திருந்தேன். இளைஞர்கள் ஆறேழு பேர் ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றி நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். சென்னை சுப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் றோயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது என்பதுதான் செய்தி. ஆனால் வாதம் வெகுவிரைவில் ஊருக்குள் இறங்கிவிட்டது. அடுத்த ஊர்க் கழகத்தில் ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருக்கிறாராம். வரவிருக்கும் மென்பந்துச் சுற்றுப்போட்டிக்கு அவரைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா, கூடாதா?

"நல்லாப் போடுவான். ஆனா சரியான குழப்படி" என்றார் ஒருவர். நடுவரோடு சண்டை, அணித் தலைவரோடு சண்டை, பயிற்சிக்கு வருவதில்லை என்று பட்டியல் நீண்டது.

என் பக்கத்தில் இருந்த முதியவர் நெடுங்காலம் ஒரு போடியாரின் வயலில் முல்லைக்காரராக இருந்தவர். மட்டக்களப்புக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக ஒரு சொல்: போடியார் என்பவர் நிலவுடைமையாளர். வேலையாட்களை வைத்து அவருடைய வயலைச் செய்விப்பவர் முல்லைக்காரர். படுவான்கரை வேளாண்மையின் நன்மையும் தீமையும் பெரும்பாலும் அவர் கையில்தான். அந்த முதியவர் தேநீரை வைத்துவிட்டு, "குழப்படி எண்டு யாரு மனே சொன்ன?" என்று கேட்டார். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதில் வரவில்லை.

அன்றிரவு வீடு திரும்பியதும் ஜடேஜாவின் பழைய கதையை ஒருமுறை புரட்டிப் பார்த்தேன். அவர் ராஜஸ்தானுக்குப் போவது இது முதற்தடவையன்று. 2008 இல் கோலாலம்பூரில் 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ணத்தை வென்ற இந்திய அணியின் உபதலைவர் அவர். அதே ஆண்டு ஐ.பி.எல். தொடங்கியது. அந்த வயதுப் பிரிவு வீரர்கள் ஏலத்துக்கு விடப்படவில்லை. அணிகள் அவர்களை முறைவைத்துத் தெரிவு செய்தன; சம்பளம் முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஜாம்நகரில் ஒரு காவலாளியின் மகனான ஜடேஜா இவ்வாறே ஷேன் வோர்னின் ராஜஸ்தான் அணிக்குள் வந்தார். முதலாவது கிண்ணத்தை அந்த அணியே வென்றது. அவரை 'றொக்ஸ்டார்' என்று அழைத்தவர் வோர்ன். பயிற்சிக்கும் பேருந்துக்கும் எப்போதும் பிந்தி வந்ததற்காக, ஒருநாள் பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் பேருந்தை நிறுத்தி இறக்கிவிட்டு, விடுதிக்கு நடந்து வரச் செய்தவரும் அதே வோர்ன்தான். 2018 இல் வெளிவந்த தமது சுயசரிதையில் அவர் இதனை எழுதியிருக்கிறார்.

பேருந்துக்குப் பிந்துவது சிறு குழப்படி. பெரிய குழப்படி 2010 இல் வந்தது. ராஜஸ்தானுடன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணிகளுடன் தாமாகவே பேரம் பேசினார் என்று அவருக்கு ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21. விதியை மீறினார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விதி எதற்காக இருந்தது? ஏலத்தில் நின்ற மூத்த வீரர்களுக்கு இலட்சக்கணக்கான டொலர்கள். இளையவர்களுக்கு அந்தச் சந்தையின் கதவே திறக்கவில்லை. தன் உழைப்புக்கு வெளியே என்ன விலை என்று விசாரித்ததே அவர் செய்த குற்றத்தின் சாரம். தடை விதித்தவர்கள் யார்? அந்த விலையைக் குறைவாக வைத்திருந்தவர்களே.

அதன் பின்னர் நடந்ததைப் பாருங்கள். 2011 ஏலத்தில் கொச்சி டஸ்கர்ஸ் அவரை 9,50,000 டொலருக்கு வாங்கியது. நமது மஹேல ஜயவர்தன தலைமை தாங்கிய அணி அது. ஒரே பருவத்துடன் அந்த அணி கலைந்துபோயிற்று. 2012 ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் 20 இலட்சம் டொலர் என்ற உச்சவரம்பில் முட்டி நின்றன. இரகசிய விலைமனு மூலம் சென்னை அவரைப் பெற்றது. அந்த ஏலத்தின் மிக உயர்ந்த விலை அதுவே. குழப்படிக்காரன் என்று தடை செய்யப்பட்டவனுக்கு இரண்டே ஆண்டுகளில் இந்தக் கூட்டம்!

சென்னை செய்த வேலை மிக எளிமையானது. அவருக்கு ஒரு தெளிவான இடத்தைக் கொடுத்து, தோனியின் கீழ் ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தது. 2018, 2021, 2023 ஆகிய மூன்று கிண்ணங்களில் அவருக்குப் பங்குண்டு. 2023 இறுதியாட்டம் அஹமதாபாத்தில் மழையால் மறுநாள் அதிகாலை வரை நீண்டது. கடைசி இரு பந்துகளில் 10 ஓட்டங்கள் தேவை. மோஹித் சர்மாவின் பந்துகளில் ஒரு ஆறு, ஒரு நான்கு. தோனி அவரைத் தூக்கி நின்ற காட்சியைப் பார்க்காத தமிழ் வீடு குறைவு.

அதே சென்னையிலும் முறிவு வராமல் இல்லை. 2022 பருவத்துக்கு இரு நாட்கள் இருக்கையில் தலைமைப் பதவி அவரிடம் கொடுக்கப்பட்டது. எட்டு ஆட்டங்களில் இரண்டு வெற்றி. பின்னர் பதவி மீண்டும் தோனியிடம். அந்த ஆண்டு முழுவதும் அவர் அணியுடன் மனஸ்தாபம் கொண்டிருக்கிறார் என்ற செய்திகள் ஓடின. அடுத்த ஆண்டுதான் நான் மேலே சொன்ன அந்த இரு பந்துகள். மனஸ்தாபத்தின்போது விற்றிருந்தால் அந்தக் கிண்ணம் இருந்திருக்குமா?

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. அவுஸ்திரேலியாவின் அன்ட்றூ சைமண்ட்ஸை 2008 இல் ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 13.5 இலட்சம் டொலருக்கு வாங்கியது. முதல் ஆண்டு அணி கடைசி இடம். அதே ஆண்டு டார்வினில் அணிக் கூட்டத்துக்குப் போகாமல் மீன்பிடிக்கப் போனார் என்று அவுஸ்திரேலியா அவரை வீட்டுக்கு அனுப்பியது. 2009 இல் டெக்கான் கிண்ணத்தை வென்றது. சில வாரங்களில், மது தொடர்பான ஒழுங்கை மீறியதாக அவர் இங்கிலாந்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். 2008 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் ஹர்பஜன் சிங்குடன் ஏற்பட்ட நிறவெறிச் சர்ச்சையில் தமது கிரிக்கெட் சபை தம்மைக் கைவிட்டதாக உணர்ந்ததையும், அதன் பின்னரே அளவுமீறிக் குடிக்கத் தொடங்கியதையும் பின்னாளில் அவர் சொன்னார். 2011 இல் மும்பை அவரை வாங்கி, அதே ஹர்பஜனின் உடைமாற்றும் அறையில் இருத்தியது. வினோதமான வீட்டுச் சேர்க்கை. ஒரு பருவத்தில் முடிந்தது.

இந்தக் கேள்வியை அதிகம் கேட்டுப் பழகியவர்கள் அமெரிக்கர்கள். மட்டக்களப்பாருக்கு அமெரிக்க விளையாட்டு என்றால் கூடைப்பந்தாட்டம்தான். அதை இங்கே வளர்த்தவர்கள் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள். அவர்களில் ஒருவரான ஹேபியர் அடிகளார் 1990 ஓகஸ்டில் மட்டக்களப்பை நோக்கி வரும் வழியில் காணாமற்போனார் என்பதை இங்கு யாரும் மறக்கவில்லை. அமெரிக்க உதைபந்தாட்டம் நமக்கு வந்து சேரவில்லை. அதில் 'றிசீவர்' என்பவர் எறியப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர். அவர் எவ்வளவு திறமைசாலியாயினும், இன்னொருவர் எறிந்தால்தான் அவருக்குப் பந்து. மனஸ்தாபம் விளைவதற்கு இதைவிட நல்ல நிலம் வேண்டுமா? (பந்துவீச அழைப்பதும், எத்தனையாவதாகத் துடுப்பெடுத்தாடுவதென்று தீர்மானிப்பதும் தலைவரே என்பதால், சகலதுறை வீரரின் நிலையும் ஏறக்குறைய இதுதான்.)

ரண்டி மொஸ் என்ற றிசீவரை 1998 இல், இளமைக்கால வழக்குகளின் பெயரால் பல அணிகள் தவிர்த்தன. 20 பேர் தெரிவான பின்னரே மினசோட்டா எடுத்தது. 2005 இல் ஓக்லண்ட் அவருக்காக முதற்சுற்றுத் தெரிவு உரிமை ஒன்றையும் ஒரு வீரரையும் கொடுத்தது. தோற்றுக்கொண்டேயிருந்த அந்த அணியில் அவர் மங்கிப்போனார். 2006 இல் ஓக்லண்ட் 16 ஆட்டங்களில் 2 மட்டுமே வென்றது. ஆள் முடிந்துவிட்டார் என்றார்கள். 2007 இல் நியூ இங்கிலண்ட் வெறும் நான்காம் சுற்று உரிமையைக் கொடுத்து அவரை எடுத்தது. அந்த ஒரே பருவத்தில் 23 'டச்டவுன்' பிடிகள், அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை. இரண்டு ஆண்டுகளுக்குள் ஆள் மாறிவிடவில்லை. எறிபவரும் வீடும் மாறின.

மறுபுறம் அன்ரோனியோ பிறவுண். 2019 இல் ஓக்லண்ட் இரு தெரிவு உரிமைகளைக் கொடுத்து அவரை வாங்கியது. தலைக்கவசத்துக்காகச் சண்டை, முகாமையாளருடன் சண்டை. ஒரு பருவகால ஆட்டம்கூட ஆடாமல் விடுவிக்கப்பட்டார். 2020 இல் தம்பா பே, எந்த உரிமையையும் இழக்காமல், குறுகிய கால ஒப்பந்தத்தில் எடுத்தது, கிண்ணமும் வென்றது. 2022 ஜனவரியில் ஆட்டத்தின் நடுவிலேயே மேலங்கியைக் கழற்றி வீசிவிட்டு அவர் மைதானத்தைவிட்டு ஓடினார். காயத்துடன் ஆட வற்புறுத்தினார்கள் என்றார் அவர். இல்லை என்றது அணி. இத்தகையவரை எடுப்பதானால் விலையும் சிறிதாக இருக்கவேண்டும், வாசலும் திறந்திருக்கவேண்டும். ஓக்லண்ட் முதலாவதில் தவறியது.

இதை எழுதும்போது என் சொந்தக் கணக்கொன்று மனதில் நிற்கிறது. 2006 இல் கொழும்பில் ஒரு பத்திரிகையின் செய்திப் பிரிவில் நான் பொறுப்பிலிருந்தேன். போட்டிப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபரை எடுத்தோம். கிழக்கிலிருந்து அவர் அனுப்பிய செய்திகளுக்கு ஈடில்லை. ஆனால் தொலைபேசியில் சத்தம் போடுவார். கேட்ட செய்தியைத் தராமல் நாட்கணக்கில் மௌனமாக இருப்பார். ஓராண்டு முடிவில் அவருடைய கோப்பில் "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதியவன் நான். அவர் போய்விட்டார். எட்டு மாதப் பயணச் செலவு அவருக்குக் கொடுபடவில்லை என்பது அப்போதே எனக்கு அரைகுறையாகத் தெரியும். யுத்த காலத்தில் சொந்தப் பணத்தில் பெற்றோல் அடித்து ஓடிய மனிதர் அவர். கணக்குப் பிரிவில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜடேஜா இப்போது 14 கோடி ரூபாவுக்கு ராஜஸ்தான் போயிருக்கிறார். சென்னையில் அவருக்கு 18 கோடி. தம்மைப் பேருந்திலிருந்து இறக்கி நடக்கவிட்ட அதே அணி. இறக்கிவிட்ட வோர்ன் 2022 இல் காலமாகிவிட்டார்.

மறுநாட் காலையும் அந்தக் கடைக்குப் போனேன். இளைஞர்களில் இருவர் இருந்தார்கள். வேகப்பந்து வீச்சாளர் விடயம் என்னவாயிற்று என்று கேட்டேன். "இன்னும் முடிவில்ல ஐயா" என்றார் ஒருவர். தலைவரோடு அவருக்கு என்ன சண்டை என்று விசாரித்தீர்களா என்றேன். சற்று யோசித்துவிட்டு, கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு, சமிக்ஞை நன்றாகக் கிடைக்கும் குளக்கட்டுப் பக்கமாக நடந்தார்.