கழற்றப்படாத சீருடை: உகாண்டா ஜெனரல் எல்லி தும்வினேயின் அரசியல் வாழ்வு

படைத்தலைவர் ஒருவர் அமைச்சரானதும் குடிமை அரசியலுக்கு மாறிவிட்டார் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உகாண்டாவின் ஜெனரல் எல்லி தும்வினேயிடம் அந்தக் கணிப்பு பொய்த்துப்போகிறது. 2018 மார்ச் முதல் 2021 வரை அவர் பாதுகாப்பு அமைச்சர். இது படைத்துறை அமைச்சர் பதவி அன்று. உளவு அமைப்புகளைக் கவனிக்கும் பதவி. அப்போதும் நாடாளுமன்றத்தில் அவர் அமர்ந்தது இராணுவத்தின் பிரதிநிதியாகத்தான். அவர் மாறவில்லை, மாற வேண்டிய தேவையே எழாதபடி அந்நாட்டின் ஆட்சியமைப்பு பார்த்துக்கொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தும்வினே மகரேரே பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஓவியர். 1981 பிப்ரவரி 6 அன்று, பின்னாளில் அதிபரான யோவேரி முசெவேனியின் சிறு குழு 27 துப்பாக்கிகளுடன் கபாம்பா இராணுவப் பயிற்சிப் பள்ளியைத் தாக்கியது. முதல் வேட்டைத் தீர்த்தவர் தும்வினேதான். அதே ஆண்டு போரில் ஒரு கண்ணை இழந்தார். 1984இல் முசெவேனியின் கெரில்லாப் படையான தேசிய எதிர்ப்புப் படையின் தளபதியானார். 1986 ஜனவரியில் கம்பாலா கைப்பற்றப்பட்டபோதும் அப்பொறுப்பில் இருந்தார். ஆட்சியைப் பிடித்த கெரில்லாப் படையே நாட்டின் இராணுவமாயிற்று. ஆளும் இயக்கத்துக்கும் படைக்கும் இடையே கோடு கிழிக்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

1995இன் அரசியலமைப்புச் சட்டம் இராணுவம் கட்சி சாராதது என்கிறது. அதே சட்டம் நாடாளுமன்றத்தில் படைக்கு இடமும் தருகிறது. அந்த இடங்கள் பத்து. கட்சி சாராமை என்பதன் நடைமுறைப் பொருளை இன்னொரு படை உறுப்பினரான ஹென்றி துமுகுண்டே 2005இல் அறிந்துகொண்டார். அதிபர் பதவிக்கால வரம்பை நீக்குவதை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். விளைவு: உறுப்பினர் பதவியை விட்டு விலக நேர்ந்தது, இராணுவ நீதிமன்ற வழக்கு ஆண்டுக்கணக்கில் துரத்தியது. அவரே பின்னர் 2016இல் பாதுகாப்பு அமைச்சரானார், 2018இல் நீக்கப்பட்டார். அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் தும்வினே. அதிபர் தேர்தலில் நிற்கப்போவதாக அறிவித்த துமுகுண்டே மீது 2020 மார்ச்சில் தேசத்துரோகக் குற்றச்சாட்டு பாய்ந்தது. பதவி உயர்வும் வீழ்ச்சியும் அதிபரிடம் காட்டும் விசுவாசத்தைப் பொறுத்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தும்வினே அந்தச் சோதனையில் ஒருநாளும் தவறவில்லை. 2005 நவம்பரில் எதிர்க்கட்சித் தலைவர் கிஸ்ஸா பெசிக்யே பொது இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது நடுவராக வீற்றிருந்தவர் அவரே. பெசிக்யே கெரில்லாப் போரில் முசெவேனியின் மருத்துவர், பழைய தோழர். ஆனால் அப்போது ஒரு குடிமகன், சில மாதங்களில் வரவிருந்த தேர்தலின் வேட்பாளர். சீருடை அணிந்தவர் குடிமகனை விசாரிக்கும் அந்த அரங்கை, அரசியலமைப்பு நீதிமன்றம் 2006 ஜனவரியில் செல்லாது என்றது.

அமைச்சர் பதவி இந்த மனப்பாங்கை மாற்றவில்லை. 2020 நவம்பரில் எதிர்க்கட்சி அதிபர் வேட்பாளர் பாபி வைன் கைதானதும் கிளர்ச்சி வெடித்தது. குறைந்தது 54 பேர் உயிரிழந்தனர். வன்முறை ஓர் அளவை எட்டினால் சுட்டுக் கொல்லக் காவல்துறைக்கு உரிமை உண்டு என்று தும்வினே வெளிப்படையாகச் சொன்னார். இறந்தவர்களில் வேடிக்கை பார்த்தவர்களும் வழியே போனவர்களும் இருந்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சரின் பேச்சு அன்று இது. களத்தில் நிற்கும் தளபதியின் பேச்சு.

இதைத் தனிமனிதக் கடுமை என்று ஒதுக்கினால் உண்மை தப்பிவிடும். தும்வினே 2022 ஆகஸ்டில் நைரோபியில் இறந்தார்; அந்த அமைப்பு அவரோடு மறையவில்லை. குடிமக்களை இராணுவ நீதிமன்றங்கள் விசாரிப்பது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 31 அன்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு மே மாதம் அந்த விசாரணைகளுக்கு மீண்டும் இடம்தரும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது; ஜூனில் முசெவேனி அதில் கையெழுத்திட்டார்.