தொன்மைக் கட்டடங்களின் சிதைவிலா ஆய்வு

பழங்கட்டடத்தை உடைக்காமல், துளையிடாமல் அதன் உள்வலுவை அறியும் பரிசோதனை. திருவண்ணாமலைக் கோயிலின் கிழக்கு ராஜகோபுரம் போன்றவற்றுக்கு இது மிக அவசியம். கிருஷ்ணதேவராயர் தொடங்கி, செவ்வப்ப நாயக்கர் முடித்த அக்கோபுரம் 217 அடி உயரம், 11 நிலை. இத்தகைய கோபுரங்களில் அடித்தளம் கருங்கல். மேல்நிலைகள் செங்கல், சுண்ணாம்பு, சுதை. இரண்டும் ஒரே மாதிரி முதுமையடைவதில்லை.

அலட்சியத்தின் விலையைக் காட்டியது காளஹஸ்திக் கோயில். அங்கு கிருஷ்ணதேவராயர் 1516இல் எழுப்பிய ஏழு நிலைக் கோபுரம், விரிசல் விட்டிருந்த நிலையில், 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது.

மீயொலிச் சோதனையில் கல்லின் இருபுறமும் இரண்டு உணரிகளை வைத்து, அலை கடக்கும் நேரத்தை அளப்பார்கள். உள்ளே விரிசலோ பொள்ளலோ இருந்தால் அலை தாமதிக்கும். தரை ஊடுருவும் ரேடார் அடித்தளத்தையும், வெப்பப் படக்கருவி சுவரின் ஈரக்கசிவையும், லேசர் அளவீடு சாய்வையும் காட்டும். விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைக்கும் எளிய வழக்கமும் உண்டு: கண்ணாடி உடைந்தால் விரிசல் வளர்கிறது என்று பொருள்.

சென்னை ஐஐடியில் மரபுக் கட்டடப் பாதுகாப்புக்கென்றே தேசிய மையம் இயங்குகிறது. குடமுழுக்குத் திருப்பணியில் வண்ணம் பூசுவதற்கு முன்பே இச்சோதனைகளைச் செய்துவிட வேண்டும்.