வாசஸ்தலத் தேர்வும் எல்லைக் கோடும்: அமெரிக்கப் புறநகர் வரலாற்றில் ஓர் ஆய்வு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீடு வாங்கப் புறப்படும் குடும்பம் முதலில் விசாரிப்பது வீட்டைப்பற்றி அன்று, ஊரைப்பற்றி. பள்ளிக்கூடம் எத்தகையது, சொத்து வரி எவ்வளவு, வேலைக்குச் செல்லும் தூரம் என்ன, அண்டை அயலார் யார் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே சுவரும் கூரையும் கவனத்துக்கு வருகின்றன. இவ்வழக்கத்துக்குப் பொருளாதார சாஸ்திரத்தில் ஒரு கொள்கை வடிவம் தந்தவர் சார்லஸ் டீபூ என்னும் அறிஞர். ஒவ்வோர் ஊரும் தனக்கென ஒரு வரி விகிதத்தையும் அதற்கு ஈடான பொது வசதிகளையும் முன்வைக்க, மக்கள் தம் மனத்துக்கு இசைந்த ஊரை நாடிக் குடிபெயர்வதாலேயே தம் விருப்பத்தைத் தெரிவித்துவிடுகிறார்கள் என்று அவர் 1956ஆம் ஆண்டில் வாதித்தார். அவ்வாதத்துக்கு அவரே சில அநுமானங்களை அடிப்படையாக வகுத்துக்கொண்டார். அவற்றுள் தலையாயது, குடிமக்கள் தடையின்றி இடம் மாறக்கூடியவர்கள் என்பது. அந்த அநுமானம், எழுதப்பட்ட அதே ஆண்டில், அந்நாட்டுக் கறுப்பின மக்களுக்குப் பொருந்தவில்லை என்பதும், அப்பொருந்தாமை தானாக நேர்ந்ததன்றிச் சட்டத்தாலும் கடன் முறையாலும் படிப்படியாக உண்டாக்கப்பட்டது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

புறநகர் என்னும் ஆசை பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் தோன்றியது. நியூ ஜெர்ஸியில் லூவெலின் பார்க்கும், 1869இல் ஓம்ஸ்டெட், வாக்ஸ் ஆகிய இருவரும் சிகாகோவுக்கு மேற்கே ரயில் பாதையை ஒட்டித் திட்டமிட்ட ரிவர்சைடும் செல்வந்தரின் சோலைகளாகவே அமைந்தன. 1888இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் பிராங்க் ஸ்பிரேக் மின்சார டிராம் வண்டியை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய பிறகு, நடுத்தர வருவாயினரும் நகரத்தின் புழுதியை விட்டு விலகி வசிப்பது சாத்தியமாயிற்று. ஆயினும் பிற்காலத்தின் போக்கை நிர்ணயித்தது வண்டியன்று, எல்லை. பாஸ்டன் நகரம் ராக்ஸ்பரியையும் டார்செஸ்டரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தன்னுள் இணைத்துக்கொண்டு வளர்ந்த காலத்தில், அதன் அண்டையிலிருந்த புரூக்லைன் 1873இல் அவ்விணைப்புக்கு இசைய மறுத்தது. தன் வரி தனக்கே, தன் பள்ளி தனக்கே என்று ஒரு புறநகர் தனித்து நிற்க முடியும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரியாயிற்று. நகர விஸ்தரிப்பு நாளடைவில் பல இடங்களில் நின்றுபோனதற்கு இம்மனப்பான்மையே மூலகாரணம் என்று கருதுகிறேன்.

எல்லை இட்டபின் அதற்குள் வருவோரைத் தெரிந்தெடுக்கும் கருவிகள் தேவைப்பட்டன. பால்டிமோர் நகரசபை 1910இல் இன்னின்ன வீதியில் இன்னின்ன இனத்தார் வசிக்கலாம் என்று நேரடியாகவே விதி செய்தது. இத்தகைய விதி அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று, லூயிவில் நகரத்து வழக்கொன்றில் சுப்ரீம் கோர்ட்டு 1917இல் தீர்த்தது. விதியால் செய்யக் கூடாததைக் கிரயப் பத்திரத்தால் செய்துகொள்ளும் உபாயம் அதன்பின் எங்கும் பரவியது: வீட்டை இன்ன இனத்தாருக்கு விற்பதில்லை என்னும் நிபந்தனையை விற்போரும் வாங்குவோரும் பத்திரத்திலேயே எழுதிக் கையொப்பமிட்டனர். 1926இல் ஒஹையோ மாகாணத்தின் யூக்ளிட் என்னும் ஊர் சம்பந்தமான வழக்கில், ஒரு பகுதியில் தனி வீடுகளை மட்டுமே அநுமதித்து அடுக்குக் குடியிருப்புக்களை விலக்க ஊராட்சிக்கு அதிகாரம் உண்டு என்று அதே நீதிமன்றம் தீர்மானித்தது. இனத்தின் பெயரைச் சொல்லாமலேயே ஏழையை விலக்கும் வழியை இத்தீர்ப்பு திறந்துவிட்டது.

இவையெல்லாம் ஆங்காங்கே சிதறிக் கிடந்த முயற்சிகள். அவற்றைத் தேசிய முறையாக்கியது மத்திய சர்க்கார். பொருளாதார மந்தத்தில் வீடிழக்கும் நிலையிலிருந்தோரைக் காப்பதற்காக 1933இல் தோன்றிய வீட்டுச் சொந்தக்காரர் கடன் கழகம், இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வர்ணப் படங்கள் தயாரித்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்காகப் பகுத்த அப்படங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. எல்லாத் தீமைக்கும் இப்படங்களையே பொறுப்பாக்குவோர் உண்டு. அக்கழகமோ கறுப்பின மக்களுக்கும் ஓரளவு கடன் வழங்கியது. ஆகவே அதனினும் கனமான பொறுப்பு 1934இல் நிறுவப்பட்ட மத்திய வீட்டு வசதி நிர்வாகத்தையே சாரும் என்பது என் முடிவு. அதுவரை வீடு வாங்க விரும்புவோர் விலையில் ஏறக்குறையப் பாதியைக் கையிலிருந்து கொடுத்து, மீதியைச் சில ஆண்டுகளில் அடைக்க வேண்டியிருந்தது. புதிய நிர்வாகம் கடனுக்கு ஜாமீன் நின்றதால் முன்பணம் குறைந்தது. தவணை இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக நீண்டது. தொழிலாளியும் வீட்டுச் சொந்தக்காரராகலாம் என்னும் நிலை வந்தது. இது மகத்தான நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்நிர்வாகம் தன் அதிகாரிகளுக்கு வகுத்த விதிநூலில், இனங்கள் கலந்து வாழும் இடம் நம்பத்தக்கதன்று என்று எச்சரித்து, மேற்சொன்ன கிரய நிபந்தனைகளையும் பரிந்துரைத்தது. 1941இல் டிட்ராய்ட் நகரின் எட்டாம் மைல் சாலையருகே வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்த ஒருவர், பக்கத்தில் கறுப்பின மக்கள் வசிக்கும் காரணத்தால் ஜாமீன் கிடைக்காமற்போக, இரு பகுதிகளுக்கும் இடையே ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்குக் கான்க்ரீட் சுவர் எழுப்பினார். அதன்பின் ஜாமீன் கிடைத்தது. சுவர் இன்றும் நிற்கிறது.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944ஆம் ஆண்டுச் சட்டம் கடன் வசதி அளித்தது. லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947 முதல் லெவிட் கம்பெனி கட்டிய லெவிட்டவுனில் சில ஆண்டுகளுக்குள் பதினேழாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. 1949இல் அங்கே ஒரு வீட்டின் விலை 7,990 டாலர். யுத்தகளத்தில் ஒரே கொடியின் கீழ் நின்ற கறுப்பின வீரருக்கு அதில் இடமில்லை. தொடக்கக்கால ஒப்பந்தங்களிலேயே அத்தடை எழுதப்பட்டிருந்தது. அந்த வீடுகளின் மதிப்பு பின்னர் பன்மடங்கு உயர்ந்ததையும், அவ்வுயர்வே பிள்ளைகளின் கல்விக்கும் முதுமைக்கும் மூலதனமானதையும் எண்ணும்போது, ஒரு தலைமுறையில் மறுக்கப்பட்டது வீடு மட்டுமன்று என்பது விளங்கும்.

இந்த அநீதியை எதிர்த்த போராட்டத்தில் இரு ஆண்டுகளைச் சேர்த்து நோக்க வேண்டும். 1948இல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஷெல்லி குடும்பத்தாரின் வழக்கோடு டிட்ராய்ட் நகரத்து மெக்கீ குடும்பத்தாரின் வழக்கும் சுப்ரீம் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. மெக்கீ குடும்பத்துக்காக வாதாடிய வழக்கறிஞருள் ஒருவர் தர்குட் மார்ஷல். கிரய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமலாக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அதன்பின் என்ன நேர்ந்தது? 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி, செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய சர்க்கார் ஏற்க, 41,000 மைல் நெடுஞ்சாலைத் திட்டம் உருவாயிற்று. சாலைவழியே வெள்ளைக் குடும்பங்களும், அவர்களைத் தொடர்ந்து கடைகளும் தொழிற்சாலைகளும் புறநகர்களுக்குச் சென்றன. 1950இல் 18,49,568 ஆக இருந்த டிட்ராய்ட்டின் ஜனத்தொகை 2010இல் 7,13,777. எஞ்சியோரின் பிள்ளைகள் எஞ்சிய வரியைக் கொண்டு நடந்த பள்ளிகளில் பயின்றனர். நகரத்தையும் சுற்றியிருந்த 53 புறநகர்ப் பள்ளி வட்டாரங்களையும் சேர்த்து மாணவரை ஒன்றுகலக்க வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் கட்டளையிட்டது. 1974இல் சுப்ரீம் கோர்ட்டு, புறநகர் வட்டாரங்களே குற்றம் செய்ததாக நிரூபணம் இல்லாததால் எல்லை தாண்டிய பரிகாரம் கூடாதென்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. மாறுபட்ட நால்வருள் ஒருவர், அப்போது நீதிபதியாகிவிட்ட அதே தர்குட் மார்ஷல். பத்திரத்திலிருந்து நீக்கப்பட்ட தடை எல்லைக் கோட்டில் குடிகொண்டது என்பதே இந்த இருபத்தாறு ஆண்டு வரலாற்றின் சாரம்.

மாற்று வழி இருந்ததா என்று கேட்போருக்கு, சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க் விடை தருகிறது. கறுப்பினத்தவரான ரசாயன மேதை பெர்ஸி ஜூலியன் 1950இல் அவ்வூரில் வீடு வாங்கியபோது, அவர் குடிபுகும் முன்பே அதற்குத் தீ வைக்க முயன்றனர். மறு ஆண்டு வெடி வீசினர். அத்தகைய ஊரே 1968இல், இனபேதமின்றி வீடு விற்கவும் வாடகைக்கு விடவும் விதி செய்தது. கிழக்கே அடுத்திருந்த ஆஸ்டின் பகுதியில் தரகர்கள் அச்சத்தைக் கிளப்பி, வீதி வீதியாக வெள்ளையரை விற்றோடச் செய்ததைக் கண்ட ஊரார், விற்பனைப் பலகை வைப்பதைத் தடுத்தனர். 1972இல் ஒரு வீட்டு வசதி மையம் நிறுவி, புதிதாக வருவோர் ஒரே பகுதியில் குவியாதபடி வழிகாட்டினர். ஓக் பார்க் காலியாகிவிடவில்லை. இருசாராரும் சேர்ந்து வாழும் ஊராகவே அது நிலைத்தது. சட்டத்தைவிட இங்கே பலித்தது, ஊரார் ஓடாமல் நிற்பதென்று கூடி எடுத்த தீர்மானம்.

நாடு முழுமைக்குமான வீட்டுச் சமத்துவச் சட்டம், மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்ட ஒரு வாரத்துக்குள், 1968 ஏப்ரல் 11இல் கையெழுத்தாயிற்று. குடியேற்றச் சட்டம் 1965இல் திருத்தப்பட்டதன் பயனாக மருத்துவராகவும் பொறியாளராகவும் அங்கே சென்ற இந்தியர்கள், அவர்களுள் தமிழர்களும், புறநகர்களில் வீடு வாங்க முடிந்தது அந்த வீட்டுச் சமத்துவச் சட்டத்தின் நிழலிலேதான். அதற்காக அடியுண்டவர்கள் வேறு மக்கள். ஊர் பிள்ளையின் வாழ்வை எவ்வளவு மாற்றும் என்பதற்கும் இப்போது சான்று உள்ளது: 1994இல் தொடங்கி ஐந்து நகரங்களில் ஏறத்தாழ 4,600 ஏழைக் குடும்பங்களைக்கொண்டு நடந்த பரிசோதனையை ஆராய்ந்த ராஜ் செட்டி முதலியோர், பதின்மூன்று வயதுக்கு முன் வறுமை குறைந்த பகுதிக்குப் பெயர்ந்த பிள்ளைகள் பின்னாளில் நூற்றுக்கு 31 பங்கு கூடுதலாகச் சம்பாதித்தனர் என்று 2015இல் கண்டனர்.

ஆதலால் அந்நாட்டில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியின் தரத்தையும் வரியின் அளவையும் விசாரியுங்கள். கூடவே அவ்வூரின் எல்லை எப்போது, எவரை விலக்குவதற்காக இடப்பட்டது என்பதையும் விசாரியுங்கள். அடுக்குக் குடியிருப்பு ஒன்று கட்ட அநுமதி கோரி நகரசபைக்கு மனு வரும் நாளில், அதை எதிர்த்துக் கையொப்பமிடாதீர்கள்.