1529-ஆ, 1559-ஆ? மதுரை நூல்களில் தொலைந்த 30 ஆண்டுகள்

மதுரையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிவைத்தவர் விசுவநாத நாயக்கர். இதில் யாருக்கும் ஐயமில்லை. எப்போது என்று கேட்டால்தான் சிக்கல். பழைய ஆங்கில நூல்களையும் அவற்றைப் பார்த்து எழுதிய தலவரலாற்றுப் புத்தகங்களையும் புரட்டினால் 1559 என்று இருக்கும். பல்கலைக்கழக ஆய்வேடுகளில் 1529. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறைக் காலம். விசயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் போய், அச்சுதராயர் வந்து, அவரும் போய், சதாசிவராயர் அமர்ந்துவிட்ட காலம் அது. இந்த 30 ஆண்டுகள் எந்தப் புத்தகத்தில், யார் கையில் நழுவின என்று தேடிப் போனேன்.

இப்படிப்பட்ட தேடலில் பின்னோக்கித்தான் நடக்க வேண்டும். புதிய நூலில் தொடங்கி, அது எதைப் பார்த்து எழுதியது, அதற்கு முந்தையது எதைப் பார்த்தது என்று அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டே இறங்குவது. 1559-ஐச் சொல்லும் சிறு நூல்களில் அடிக்குறிப்பே கிடையாது. ஆனால் அவற்றில் உள்ள நாயக்கர் பட்டியலின் வரிசையும் ஆண்டுகளும் டபிள்யூ. பிரான்சிஸ் 1906-இல் வெளியிட்ட மதுரை மாவட்ட கெஜட்டியரை அப்படியே ஒத்திருக்கின்றன. பிரான்சிஸ் ஐ.சி.எஸ். அதிகாரி, மழை, பயிர், வரி, சாதி, சிறை என்று ஒரு மாவட்டத்தையே ஒரே நூலில் அடைக்க வேண்டியவர். நாயக்கர் வரலாற்றுக்கு அவர் பெரிதும் நம்பியது தமக்கு முன்னால் எழுதிய ஜே.எச். நெல்சனை. ராபர்ட் சுவெல் 1880-களில் தொகுத்த அரச மரபுப் பட்டியலிலும் விசுவநாதருக்கு அதே 1559தான்.

எல்லாத் தடங்களும் போய்ச் சேரும் இடம் நெல்சன் எழுதிய ‘தி மதுரா கன்ட்ரி’. சென்னை அரசின் ஆணைப்படி தொகுக்கப்பட்டு 1868-இல் அச்சான மாவட்டக் கையேடு இது. அந்த வகையில் முதன்முதலாக வந்தவற்றுள் ஒன்று. இதைக் கையில் எடுக்கும் மாணவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நூல் ஐந்து பகுதிகளாக இருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் பக்க எண் புதிதாகத் தொடங்குகிறது. ‘நெல்சன், பக்கம் 87’ என்று மட்டும் குறிப்புக் கொடுத்திருந்தால், அது நிலத்தைப் பற்றியதா, சாதிகளைப் பற்றியதா, அரசர்களைப் பற்றியதா என்று யாராலும் சொல்ல முடியாது. வரலாறு மூன்றாம் பகுதியில் வருகிறது. பகுதி எண் இல்லாத குறிப்பைப் பார்த்தால், எழுதியவர் நூலைத் திறக்காமல் வேறொருவர் குறிப்பைப் பெயர்த்திருக்கிறார் என்று துணிந்து சந்தேகிக்கலாம். பல கட்டுரைகளை நான் இப்படித்தான் கழித்தேன்.

நெல்சனுக்கு முன்னால் இருந்த பெரிய ஆதாரங்கள் இரண்டு. ஒன்று, வில்லியம் டெய்லர் பாதிரியார் 1835-இல் சென்னையில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் வரலாற்றுச் சுவடிகள். தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்தே அச்சிட்டதால், மொழிபெயர்ப்பாளரை நம்பாமல் மூலத்தையே படிக்கலாம். மற்றொன்று, பெர்த்ராந்த் பாதிரியார் 1847 முதல் 1854 வரை பாரிசில் நான்கு தொகுதிகளாக வெளியிட்ட, மதுரை மிஷன் பற்றிய பிரெஞ்சு நூல். இயேசு சபைக் குருமார் மேலிடத்துக்கு எழுதிய கடிதங்கள் அதில் உள்ளன.

கடிதங்கள் இந்த வழக்கில் சாட்சி சொல்ல முடியாதவை. மதுரையில் இயேசு சபையினர் காலூன்றியது 1595 அளவில். ராபர்ட் தெ நோபிலி வந்தது 1606-இல். திருமலை நாயக்கர் இறந்த 1659-ஐப் பற்றி நூல்களுக்குள் சண்டை இல்லையென்றால் அதற்குக் காரணம், அந்த ஆண்டிலேயே புரோயென்சா பாதிரியார் எழுதிய கடிதம் இருக்கிறது. விசுவநாதருக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை. எஞ்சுவது சுவடிகள்.

சுவடிகள் சொல்லும் கதை நாடகமாகவே போடத் தக்கது. வீரசேகர சோழன் மதுரையைப் பிடிக்கிறான். நாட்டை இழந்த சந்திரசேகர பாண்டியன் விசயநகரத்தில் முறையிடுகிறான். கிருஷ்ணதேவராயர் நாகம நாயக்கரை அனுப்புகிறார். சோழனை விரட்டிய நாகமர் நாட்டைப் பாண்டியனிடம் கொடுக்காமல் தாமே வைத்துக்கொள்கிறார். அவர் தலையைக் கொண்டுவருபவர் யார் என்று ராயர் அவையில் கேட்க, எழுந்து நின்றவர் நாகமரின் மகன் விசுவநாதர். தந்தையைத் தோற்கடித்து ராயர் முன் நிறுத்துகிறார்; பிறகு மதுரை அவர் கைக்கு வருகிறது.

கதையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு புனைவு என்பது வேறு வழக்கு. எனக்கு வேண்டியது அதில் வரும் அரசர் பெயர். கிருஷ்ணதேவராயர் இறந்தது 1529-இல். விசுவநாதர் 1559-இல்தான் வந்தார் என்றால், இறந்து 30 ஆண்டான அரசர் அவரை அனுப்பியிருக்க வேண்டும். கதையின் நடுத்தூணை நம்பினால் 1559 நிற்காது.

சரி, ஆண்டுப் பெயரில் குழப்பம் வந்திருக்குமா? பிரபவ, விபவ என்ற அறுபதாண்டுச் சக்கரத்தில் ஆண்டைச் சொல்லும் சுவடிகளைப் பயன்படுத்துவோர் ஒரு சுற்றைத் தவறவிடுவது உண்டு. ஆனால் அப்படித் தவறினால் பிழை 60 ஆண்டாக இருக்கும். 1529 விரோதி ஆண்டு, 1559 சித்தார்த்தி. சக்கரத்தில் நேரெதிர்ப் பக்கங்கள். ஆகவே கைப்பிழை என்று இதை ஒதுக்க முடியாது. இரண்டும் இரு வேறு கணக்குகள்.

1529-இன் தடத்தைப் பின்தொடர்ந்தால் அது ஆர். சத்தியநாத ஐயரிடம் போய் நிற்கிறது. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பித்து, சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக 1924-இல் வெளிவந்த ‘மதுரை நாயக்கர் வரலாறு’ அவருடைய ஆங்கில நூல். சுவடி, கல்வெட்டு, இயேசு சபைக் கடிதம் மூன்றையும் ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்த்தவர் அவர். விசுவநாதருக்கு அவர் தரும் காலம் 1529 முதல் 1564 வரை. அவருக்கு முன்பே வி. ரங்காச்சாரி இதே பொருளில் ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் 1914 முதல் 1917 வரை தொடர் எழுதினார். அது பல தொகுதிகளில் சிதறிக் கிடக்கிறது. ஒரு நூலகத்தில் நடுவில் ஒரு தொகுதியைக் கேட்டபோது, “பைண்டிங்குக்குப் போயிருக்கு சார், வந்ததும் சொல்றோம்” என்றார்கள். இன்றும் வரவில்லை. அதை வேறு ஊரில் பார்த்தேன்.

கதைக்கும் கணக்குக்கும் வெளியே ஒரு சாட்சி வேண்டும். அது செப்பேடாகக் கிடைத்தது. திருநெல்வேலிக்கு அருகே கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு, விசுவநாதரின் மகன் கிருஷ்ணப்ப நாயக்கர் வேண்டுகோளின்படி, சதாசிவராயர் அளித்த கொடை. சக ஆண்டு 1489, அதாவது 1567–68. டி.ஏ. கோபிநாத ராவ் அதை ‘எபிகிராபியா இண்டிகா’ ஒன்பதாம் தொகுதியில் பதிப்பித்தார். நாகமர், விசுவநாதர், கிருஷ்ணப்பர் என்ற வம்சவழி இதில் இருக்கிறது. மகன் காலத்திலேயே எழுதப்பட்டது. பிற்காலச் சுவடிபோல் கேள்விப்பட்டு எழுதியதல்ல. விசுவநாதர் வென்றவர்களில் ஒருவராக அது ‘திருவடி’யைச் சொல்கிறது. திருவடி என்பது திருவிதாங்கூர் அரசர். விசயநகரம் திருவடி மீது நடத்திய பெரிய படையெடுப்புகள் இரண்டு: அச்சுதராயர் காலத்தில் 1532 அளவில் ஒன்று, விட்டலராயர் தலைமையில் 1544 அளவில் மற்றொன்று. விசுவநாதர் எதில் கலந்துகொண்டிருந்தாலும், அவர் 1559-க்கு வெகு முன்பே தெற்கே இருந்தவர்.

என் முடிவு இது. 1559 தள்ளுபடி. 1529-ஐ ஏற்கலாம், ஆனால் ‘ஏறத்தாழ’ என்ற சொல்லோடு. ‘இன்ன நாளில் விசுவநாதர் பட்டமேறினார்’ என்று சொல்லும் கல்வெட்டு எதையும் நான் பார்க்கவில்லை. கதைப்படி கிருஷ்ணதேவராயர் உயிரோடு இருந்தாக வேண்டும்; அவர் இறந்த ஆண்டு 1529. எனவே அந்த ஆண்டு நாம் வைக்கக்கூடிய கடைசி எல்லை. முடிசூட்டு நாள் என்று நினைத்து விழா எடுப்பதற்கு உரியதல்ல.

நெல்சன்மேல் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1868-இல் கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கை கிடையாது, ‘எபிகிராபியா இண்டிகா’ கிடையாது. குறை, அவருக்குப் பின் எல்லாம் வந்த பிறகும் அவரையே நகலெடுத்தவர்களுடையது. மதுரையின் மாசி வீதிகளில் சொல்லப்படும், கோட்டைக்கு 72 கொத்தளங்கள், நாட்டுக்கு 72 பாளையங்கள் என்ற செய்தியும் இதே சங்கிலியில் வந்ததுதான். கோட்டை மதிலை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்துவிட்டார். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மிஞ்சிய ஒரு கொத்தளத்தை வைத்து 72-ஐச் சரிபார்க்க முடியாது.

இப்படிச் சரிபார்க்க, எந்த ஆதாரம் எங்கே இருக்கிறது என்ற பதிவு வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு 1791-லேயே வரலாற்றுக் கழகம் ஏற்பட்டது. அந்த மாநிலத்தின் பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் மிஷன்தான் 1834-இல் மதுரைக்கு வந்தது. இங்கிருந்து போன கடிதங்கள் இன்று ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. நம்மிடமும் ஆதாரங்கள் இல்லாமல் இல்லை. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கமும் அதன் ‘செந்தமிழ்’ இதழும், அமெரிக்கன் கல்லூரியின் டேனியல் புவர் நூலகமும், காமராசர் பல்கலைக்கழக நூலகமும், 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஒரே நகரத்தில் இருக்கின்றன. இவற்றில் எந்த இதழின் எந்தத் தொகுதி எங்கே இருக்கிறது என்ற ஒரே பட்டியல் இருந்தால், இனி வருபவர் ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. அந்தப் பட்டியலை இந்த நூலகங்கள் சேர்ந்து போட வேண்டும். அதுவரை, விசுவநாதர் பெயருக்கு எதிரே 1559 என்று அச்சிடப் போகிறவர்கள் கிருஷ்ணாபுரம் செப்பேட்டை ஒருமுறை படித்துவிட்டு அச்சிடட்டும்.